வாடகைக்கு முன் ஒரு மங்கள வார்த்தை

லாரித் தொழிலில் வண்டி ஓட்டுவது பாதி வேலை, வாடகை பேசுவது மீதி முக்கால் வேலை என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் பூந்தமல்லியில் டயர் கடை வைத்திருக்கும் ரஹ்மத் அக்கா. எங்கள் பெண் பிலோமினாவின் கல்யாணம் முடிந்த மறு வாரம், பின் டயர் மாற்றப் போன இடத்தில் சொன்னார். பாதியும் முக்காலும் சேர்ந்தால் ஒன்றுக்கு மேலே போகிறதே என்று கேட்டேன். நான் எட்டாவது வரைதான் படித்தவள், ஆனாலும் அந்த அளவுக்குக் கணக்கு வரும். "மேலே போறதெல்லாம் நம்ம தலையிலதான் விழும்" என்றார்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு லாரி. பதினாலு அடி, நாலு டன் ஏற்றலாம். ஓட்டுவது எங்கள் வீட்டுக்காரர் அந்தோணிசாமி. நல்ல மனுஷர். யார் என்ன வாடகை சொன்னாலும் "சரிங்க சார்" என்பார். இப்படியே நாலு வருஷம் "சரிங்க சார்" சொல்லி, டீசலுக்கும் டோல்கேட்டுக்கும் நாங்கள் தர்மம் செய்துகொண்டிருந்தோம் என்பது பிலோமினா ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கே போன் என் கைக்கு வந்துவிட்டது. அவர் ஸ்டியரிங், நான் போன்.

வாடகையை அவர்கள் சொன்னதும் வாயைத் திறக்காதே, பேசாமல் இரு, எதிரில் இருக்கிறவனுக்குப் பயம் வரும் என்பது ரஹ்மத் அக்கா கொடுத்த யோசனை. எனக்குப் பேசாமல் இருக்க வராது. ஒருவர் காத்துக்கொண்டு இருக்கும்போது சும்மா இருப்பது மரியாதை இல்லையே என்று தோன்றும். அதற்கும் அவரே வழி சொன்னார்: "உனக்குத்தான் ஜெபம் இருக்கே, அதை ஒண்ணு மனசுல சொல்லேன்."

அப்படி ஆரம்பித்ததுதான். யார் வாடகை சொன்னாலும், 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்குகிற மங்கள வார்த்தை ஜெபம் ஒன்று. சீக்கிரமும் இல்லை, வேண்டுமென்றே இழுப்பதும் இல்லை. கோயிலில் ஜெபமாலை சொல்லும் அதே வேகம். மாதாவை ஏலக்கடைக்கு இழுக்கிறேனோ என்று முதலில் உறுத்தியது. நல்ல வாடகையா இல்லையா என்று தெரியாத ஒருத்தி தெரிந்தவர்களிடம் கேட்பதில் தப்பென்ன என்று சமாதானம் செய்துகொண்டேன். சின்ன வண்டியோ பெரிய வண்டியோ வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி அடுப்படியில் நிற்கிற உங்களுக்கு இது புரியும்.

கஜாவுக்கு வந்த நடுக்கம்

முதலில் மாட்டியவர் லோடு புரோக்கர் கஜா. அம்பத்தூர் எஸ்டேட்டில் டீக்கடை பெஞ்சுதான் அவர் ஆபீஸ். மூன்று போன் வைத்திருப்பார், மூன்றிலும் ஒரே நேரத்தில் பேசுவார். அன்றைக்கு ஒரகடத்துக்கு ஒரு லோடு, மூவாயிரத்து ஐந்நூறு என்றார். நான் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தேன்.

பாதிகூட வரவில்லை. அந்தப் பக்கம் இருமல். பிறகு, மூவாயிரத்து எழுநூறு என்றார். எனக்கு ஜெபத்தை நடுவில் நிறுத்தும் பழக்கம் இல்லை, தொடர்ந்தேன். தொண்டையைச் செருமினார். பக்கத்தில் யாரிடமோ, அந்தோணி அண்ணாத்தே ஊட்ல ஏதோ கோவம் போல கீது என்று சொல்வது கேட்டது. ஆமென் சொல்லி முடித்து நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்:

"யக்கா, நாலாயிரமா வெச்சுக்கோ. ஆனா இப்டி மனசுக்குள்ள திட்டாதக்கா, கொயந்த குட்டி உள்ளவன் நானு."

முன் பலகை

இந்தத் தொழிலில் வருஷத்துக்கு ஒருமுறை தேர்வு உண்டு. எஃப்.சி. என்பார்கள். வண்டிக்குத் தகடு ஒட்டுகிற டிங்கர் வேலை பார்த்து, பெயின்ட் அடித்து, டயர், பிரேக், லைட் எல்லாம் சரிசெய்து அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இந்த வருஷம் எங்களுக்கு அது ஈஸ்டர் முடிந்த மறு வாரம் வந்தது. கேபினுக்கு அடியில் தகடு அரித்துப்போய், அவர் கால் வைக்கிற இடத்தில் ரோடு தெரிந்தது. டயர் நாலு மாற்ற வேண்டும். அதற்கான பணம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து நாற்பது நாளில் ஓடிச் சேர்த்தால்தான் உண்டு.

விஷயம் தெரிந்து கஜா அண்ணனூரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு பெரிய கம்பெனியில் வண்டியை 'அட்டாச்' பண்ணிவிடலாமாம். எஃப்.சி.யை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். வண்டி நம் பேரில்தான் இருக்கும், ஆனால் அவர்கள் சொல்கிற இடத்துக்கு, அவர்கள் சொல்கிற வாடகைக்குத்தான் ஓடும். எங்கள் வீட்டுக்காரர் மாதச் சம்பளத்துக்குத் தன் வண்டியிலேயே டிரைவர். முன் பலகையில் மஞ்சள் எழுத்தில் 'மரியே வாழ்க' என்று இருக்கிறதே, அதை அழித்துவிட்டுக் கம்பெனி பெயர் எழுதிவிடுவார்கள்.

இவர் எழுந்து போய்த் துணியில் மண்ணெண்ணெய் நனைத்து அந்தப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். முந்தின நாள்தான் துடைத்திருந்தார். ஈஸ்டர் வரைக்கும் பார்க்கிறோம் என்று கஜாவிடம் சொன்னேன். அவர் டீயைக் குடித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்:

"நல்லா யோசி யக்கா, அங்க போயிட்டா வாடகை பேசற தொல்லையே இல்ல, நீ ஜெபத்த ஜெபமாவே பண்ணலாம்."

சும்மா வருகிற வண்டி

எங்கள் வீட்டுக்காரர் ஓசூருக்கு ஒரு நடை போனார். போகிற வாடகை பரவாயில்லை. திரும்பி வர லோடு வேண்டுமே. அங்கே ஒரு புக்கிங் ஆபீஸ்காரர், பேச்செல்லாம் ரொம்ப மரியாதை, வார்த்தைக்கு வார்த்தை மேடம். ராகி மூட்டை இருக்கிறது என்றார். வாடகை என்று அவர் சொன்னது போன வாடகையில் பாதிகூட இல்லை. வண்டி சும்மாதானே மேடம் வருது என்றார்.

இந்த 'சும்மா'வை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சும்மா வருகிற வண்டியை டோல்கேட்டில் சும்மா விடுகிறார்களா, டீசல் பங்கில் சும்மா ஊற்றுகிறார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, ஜெபத்தை ஆரம்பித்தேன். அந்தப் பக்கமும் சத்தமே இல்லை. கஜா மாதிரி இருமவில்லை, செருமவில்லை. நல்ல தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன். ஆமென் ஆனதும், இந்த வாடகைக்குக் கட்டாதுங்க, இன்னும் இரண்டாயிரம் சேர்த்தால்தான் ஏற்றுவோம் என்று உறுதியாகச் சொன்னேன். என் குரலை நானே மெச்சிக்கொண்டேன். அவர் மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார்:

"மேடம், சார் அப்பவே மூட்டையை ஏத்தித் தார்ப்பாயும் கட்டிட்டார், உங்ககிட்ட ஒரு மரியாதைக்குத்தான் கேட்டேன்."

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். நான் ஆமென் சொல்லாமல் அவர் தார்ப்பாய் கட்டக்கூடாது.

டன் கணக்கில் ஒரு முட்டாள்தனம்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீங்களும் இதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

திருமழிசையில் தெர்மோகோல் செய்கிற கம்பெனி. டி.வி., ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் வெள்ளையாக வருமே, அதுதான். அந்த முதலாளி போனில், டன்னுக்கு ஆயிரத்து இருநூறு என்றார், இறக்குவது செங்குன்றத்தில். நான் ஜெபம் சொல்லும்போதே மனசு ஓடிவிட்டது. நாலு டன் வண்டி, நாலு தரம் ஆயிரத்து இருநூறு. பக்கத்து ஊருக்கு இவ்வளவா என்று மாதாவுக்கு நன்றியும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சரி என்றேன். அவர் நிஜமாகவா என்று கேட்டார். நிஜமாக என்றேன். மறுபடியும் கேட்டார். எவ்வளவு பணிவான முதலாளி என்று எண்ணினேன்.

வண்டியில் அடி முதல் முகடு வரை வெள்ளை வெளேரென்று ஏற்றிவிட்டார்கள். கயிறு போட்டுக் கட்டி, ஒரு பெட்டிகூட மேலே வைக்க இடமில்லை. அப்படியே எடை மேடையில் நிறுத்தி வண்டி எடையைக் கழித்தால், சரக்கு முந்நூற்றுப் பத்து கிலோ. அந்தக் கணக்குக்கு வந்த வாடகை டீசலுக்கே காணவில்லை, இவருடைய சாப்பாடு கைக்காசில், அதுவும் அளவுச் சாப்பாடு. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று நான் கம்பெனிக்குப் போன் போட்டேன். லோடு அனுப்புகிற வேலையைப் பார்க்கும் நிவேதா என்கிற பெண் எடுத்தது. எங்கள் பிலோமினா வயசு இருக்கும். சிரிக்கக் கூடாது என்று ரொம்பக் கஷ்டப்பட்டுப் பேசியது:

"ஆன்ட்டி, எங்க சரக்குக்கு வண்டி வாடகைதான் பேசணும், டன் வாடகைக்கு ஒத்துக்கிட்ட மொத ஆள் நீங்கதான், சார் இன்னிக்கு எங்க எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் குடுத்தார்."

கொஞ்சம் சாமான்

வீடு மாற்றுகிற வாடகைக்குப் போவதே இல்லை என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். எஃப்.சி. நெருங்க நெருங்க வைராக்கியம் இளகியது. கொரட்டூரிலிருந்து ஆவடிக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். என்ன சாமான் சார் என்று கேட்டேன். ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு ஃபிரிட்ஜ், நாலு அட்டைப் பெட்டி, அவ்வளவுதாம்மா, நானும் அவளும் மட்டும்தானே என்றார். குரலே பாவமாக இருந்தது. ஜெபம் முடித்து, ஒரே நடைதானே என்று குறைத்தே சொன்னேன்.

பத்து மணிக்கு இவர் அங்கிருந்து போன் செய்தார். பெரியவர் சொன்னது எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றுகூட அதிகம் இல்லை, ஆனால் மொட்டை மாடியில் செடி இருக்கிறது என்றார். செடிதானே என்றேன். தொண்ணூற்று ஆறு தொட்டி என்றார். அதில் ஒன்றில் எலுமிச்சை மரம், காயோடு. சிமெண்டுத் தொட்டிகளை இரண்டு மாடி இறக்கி, இரண்டு நடை அடித்து, சாயங்காலம் முடித்தார்கள். போனைப் பெரியவரிடம் கொடுக்கச் சொல்லி, சாமான் என்னென்ன என்று கேட்டேனே சார், இதைச் சொல்லவில்லையே என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவருக்கு வருத்தமாகிவிட்டது:

"என்னம்மா இப்படிப் பேசறீங்க, செடியைப் போய் சாமான்னு சொல்லலாமா, அது உயிரும்மா."

இப்போதெல்லாம் சாமான் என்ன என்று கேட்டதும், சாமான் இல்லாதது என்ன என்றும் கேட்டுவிடுகிறேன். பெரியவர் இவருக்கு ஒரு எலுமிச்சங்காய் கொடுத்து அனுப்பியிருந்தார்.

குருத்தோலை

என் ஜெபத்துக்கு அசையாத ஒரே ஆள் எங்கள் பங்குக் கோயில் விழாக் குழுப் பொருளாளர். ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிற்றுக்கு ஓலை வெட்டிக்கொண்டு வர வேண்டும், தோப்பு பெரியபாளையம் பக்கம், அரை நாள் வேலை என்று கூப்பிட்டார். கோயில் காரியம் என்றால் செய்ய வேண்டியதுதான். செய்யாமல் இருந்ததும் இல்லை. ஆனால் எஃப்.சி.க்கு மூன்று வாரம் இருந்தது, அந்த வாரம் டிங்கர் கேட்ட முன்பணத்துக்கே திண்டாட்டம். அதனால் டீசல் செலவாவது கேட்டு வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கோயிலில் அதற்குப் பணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் தேருக்குப் போட்ட சீரியல் லைட்டு ஆவடி வரை தெரிந்தது.

குழுவில் என்ன வாடகை தருவீர்கள் என்று கேட்டேன். நீங்களே சொல்லுங்கள் என்றார். நீங்கள் சொல்லுங்கள் என்றேன். ஆண்டவர் பார்த்துச் செய்வார் என்று அவர் தொகையைச் சொல்ல, நான் வழக்கப்படி ஜெபத்தை ஆரம்பித்தேன். அவரும் பேசவில்லை. நான் முடித்தேன். அவர் இன்னும் பேசவில்லை. லைன் இருக்கிறதா என்று காதில் அழுத்திப் பார்த்தேன், மூச்சுச் சத்தம் கேட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் தெரு ஜெபக் கூட்டத்தில் இந்த வாடகை ஜெபத்தைப் பற்றி நானே சாட்சி சொல்லியிருந்தேன். பொருளாளரின் மனைவி முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். கடைசியில் அவர் குரல் வந்தது:

"முடிச்சிட்டீங்களாம்மா, நானும் ஒண்ணு சொல்லிட்டேன், ரெண்டும் மாதாகிட்டத்தான் போயிருக்கும், அதனால இலவசம்னே வெச்சுக்குவோம்."

ஓலை கொண்டுவந்தோம். ஞாயிற்றுக்கிழமை பவனியில் எனக்குக் கிடைத்தது நுனி காய்ந்த ஓலை.

பதினைந்து விநாடி

தெர்மோகோலுக்கும் ஓலைக்கும் பிறகு, செலவுக்குக் கீழே ஒரு லோடும் எடுப்பதில்லை என்று நானும் அவரும் முடிவு செய்தோம். முடிவு நல்ல முடிவுதான். நாலு நாள் வண்டி நின்றது. கஜா சொன்ன மூன்று லோடும் செலவுக்குக் கீழே. நான் ஜெபம் சொன்னேன், அவரும் வாடகையை ஏற்றித்தான் பார்த்தார், அப்போதும் செலவுக்கு எட்டவில்லை. நான் விட்டதை வேறு யாரோ அதற்கும் குறைவாக எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களும் உங்களையும் என்னையும் மாதிரி யாரோதான். அவர்கள் வீட்டில் என்ன அவசரமோ.

இவர் தினமும் காலையில் வண்டியைக் கழுவினார். ஓடாத வண்டியில் என்ன அழுக்கு இருக்கும். அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் எல்லாம், வண்டி பளபளக்குதே, விக்கப் போறீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் சிரித்துக்கொண்டே இல்லை என்பார். உள்ளே வந்து சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். அட்டாச் என்ற வார்த்தையை நாங்கள் இரண்டு பேரும் வாயால் சொல்லவில்லை.

பையன் ஜெரோம் லீவில் இருந்தான். அம்மா, இப்பல்லாம் யாரு புரோக்கர்கிட்ட நிக்கிறாங்க என்று என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். டிங் என்று அடித்தது, லோடு வந்தது, வாடகை தெரிந்தது. பார்க்க நல்ல வாடகையாகத்தான் இருந்தது. நான் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தேன். கண்ணைத் திறந்தால், இந்த லோடு வேறு வண்டிக்குக் கொடுக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. மறுபடியும் டிங். மறுபடியும் ஜெபம். மறுபடியும் வேறு வண்டி. அன்றைக்குப் பன்னிரண்டு மங்கள வார்த்தை சொன்னேன், ஜெபமாலைக் கணக்கில் ஒரு பத்து முடிந்து அடுத்தது ஆரம்பித்துவிட்டது, லோடு ஒன்றும் இல்லை. ஜெரோம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு விளக்கினான்:

"பதினஞ்சு செகண்டுதான்மா குடுப்பான், அதுல உனக்கு நெத்தியில 'பிதா சுதன்' போடத்தான் டைம் இருக்கும்."

லைன் போன பிறகு

பெரிய வியாழனுக்கு முந்தின நாள், ஈஸ்டருக்கு நாலே நாள். எஃப்.சி.க்குப் பன்னிரண்டு நாள். காலையில் கஜா கூப்பிட்டு, கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள், சாயங்காலத்துக்குள் சொல் யக்கா என்றிருந்தார். இவர் வண்டியடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டு இருந்தார். முடுக்க ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும்.

பதினோரு மணிக்குப் போன். தெர்மோகோல் கம்பெனி நிவேதா. என்னை ஞாபகம் இருக்கா ஆன்ட்டி என்றது. எப்படி மறக்கும். ஓசூருக்கு மாதம் எட்டு நடை நிரந்தரமாக அனுப்பப் போகிறார்களாம். ஒரு பெட்டிகூட உடையாமல் இறக்கிக் கொடுத்தவர் அங்கிள் ஒருத்தர்தான், அதனால் உங்களுக்குத்தான் முதலில் போன் என்றது. வண்டி வாடகைதான் ஆன்ட்டி, டன் வாடகை இல்லை, பயப்படாதீங்க. நடைக்குப் பதினோராயிரத்து ஐந்நூறு, இரண்டு நடை வாடகை இப்போதே முன்பணம்.

டயர், டிங்கர், பெயின்ட் எல்லாம் அந்த முன்பணத்தில் தெரிந்தது. சரி என்று அப்போதே சொல்லியிருப்பேன். ஆனால் நாற்பது நாள் பழக்கம். ஜெபத்தை ஆரம்பித்துவிட்டேன். பாதி வந்திருப்பேன். டிக் என்று சத்தம். லைன் போய்விட்டது.

அப்படி ஒரு பயம் எனக்குப் பிரசவத்தில்கூட வந்ததில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், கிழவிக்கு இஷ்டமில்லை போல என்று வைத்துவிட்டிருக்கும். அடுத்த நம்பருக்கு அடித்திருக்கும். அவன் பதினைந்து விநாடியில் ஓகே சொல்லியிருப்பான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் முன் பலகையில் வெயில் அடித்து, மரியே வாழ்க பளிச்சென்று இருக்கிறது. வாடகை பேச வந்த நாள் முதல் படியாத வாடகைக்கு நானாகத் திருப்பிக் கூப்பிட்டதே இல்லை, அதுவும் ரஹ்மத் அக்கா சொன்ன விதிதான். விதியாவது ஒன்றாவது. கூப்பிட்டேன். மணி அடித்தது. எடுத்ததும் அந்தப் பெண் ஆன்ட்டி என்று ஆரம்பிப்பதற்குள், சரிம்மா, பதினோராயிரத்து ஐந்நூறுக்கு நாங்கள் ஓட்டுகிறோம், எங்களுக்குச் சம்மதம், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. இந்த முறை ஜெபம் சொல்வது யார் என்று தெரியவில்லை. பிறகு நிவேதா மெதுவாகச் சொன்னது:

"நீங்க பேசாம இருந்ததும் கம்மின்னு நினைக்கிறீங்கன்னு லைனைக் கட் பண்ணிட்டு, சார்கிட்ட பேசி நடைக்கு ஐந்நூறு ஏத்தி எழுதி வெச்சேன் ஆன்ட்டி, இப்ப ஸ்பீக்கர்ல நீங்க சரின்னு சொன்னதை சார் கேட்டுட்டார்."

மறுநாள் எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கியிருப்பார்.

ரஹ்மத் அக்கா கடையில்

முன்பணம் அன்றைக்கே வந்தது. கஜாவிடம் வேண்டாம் என்று சொன்னேன். அவர் சண்டை போடவில்லை, ஓசூரிலிருந்து திரும்பும் லோடுக்காவது நம்மை மறக்காதே என்றார். முன் டயர் இரண்டும் புதுசு, பின்னால் இரண்டு, பழைய டயரில் புது ரப்பர் ஒட்டின ரீட்ரெட். கேபின் தரைக்குத் தகடு அடித்தாயிற்று, இப்போது கால் வைக்கிற இடத்தில் ரோடு தெரிவதில்லை. எஃப்.சி. பாஸ். அதிகாரி முன் பலகையைப் பார்த்து, எழுத்து நல்லா இருக்கே, யாரு எழுதினது என்று கேட்டாராம். இவர் வீட்டுக்கு வந்து அதைத்தான் முதலில் சொன்னார், பாஸ் ஆனதை அப்புறம்தான் சொன்னார்.

டயர் வாங்கப் போனபோது ரஹ்மத் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாதம் எட்டு நடை, நடைக்கு ஐந்நூறு, போனது எவ்வளவு என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தவர் போல் கண்ணை மூடித் திறந்தார். போனால் போகிறது அக்கா, வண்டி எங்கள் கையில் இருக்கிறதே என்றேன். அது சரிதான் என்று ஒத்துக்கொண்டார். இவர் பக்கத்தில் நின்று டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, பாதியில் விட்ட ஜெபத்தை முடித்துவிட்டுக் கூப்பிட்டிருந்தால் பின்னாலும் புது டயர் போட்டிருக்கலாம் என்றார். சரிங்க சார் மனுஷர், என்னைக் கேலி பண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டார். ரஹ்மத் அக்கா பில்லைக் கிழித்து என் கையில் கொடுத்தார்:

"வாடகை சொன்னா வாயைத் தொறக்காதேன்னுதானே சொன்னேன், லைன் போனா தொறக்கலாம்னு எவ சொன்னா உனக்கு?"

ஆகவே, லாரி வாடகை என்பது தூரத்தைப் பார்த்தும் எடையைப் பார்த்தும் வருவதில்லை, யாருக்கு முதலில் பயம் வருகிறது என்பதைப் பார்த்துத்தான் வருகிறது என்று தெரிந்துகொண்ட ஒருத்தியாக, இனி வாடகை பேச என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: நீங்கள் தொகையைச் சொன்ன பிறகு நான் பேசாமல் இருந்தால், தயவுசெய்து போனை வைத்துவிடாதீர்கள், ஒரு ஆமென் வரைக்கும் லைனில் இருங்கள்.